ரெக்ஸ் ஏன் செத்துப்போனார்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: ரோல்பிளேயிங் (ஒரு கதாபாத்திரமாக நடந்து முடிவெடுக்கும்) கேம் தொடர்களில் முதல் பாகத்தில் எடுத்த முடிவுகளை அடுத்த பாகத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இதற்கே இடம் தந்திருக்கிறோம். கதை முடிச்சுகள் நிறைய அவிழும். விளையாடாத கேமின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.

கேள்வி: மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனில் முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாம் பாகத்தைத் தொடங்கினேன். விர்மையர் கிரகத்தில், என் அணியில் இருக்கும் க்ரோகன் இன வீரர் ரெக்ஸிடம் பேசி, சமாதானப்படுத்தி, உயிரோடு காப்பாற்றியிருந்தேன். இரண்டாம் பாகத்தில் அவர் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இது கேமின் பிழையா, அதாவது பக் (bug) தானா?

பக் இல்லை. நீங்கள் இரண்டாம் பாகத்தைப் புதிய கதாபாத்திரமாகத் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் பாகத்தின் ஸேவ் (ஆட்டத்தைச் சேமித்த ஃபைல்) அதே கணினியில் இருந்தாலும் இரண்டாம் பாகம் தானாக அதைத் தேடி எடுக்காது. தொடக்க மெனுவில் இம்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, முதல் பாகத்தை முடித்த உங்கள் நாயகர் ஷெப்பர்டை நீங்கள்தான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கேம் தன்னிடம் இருக்கும் இயல்புநிலைக் கதையை எடுத்துக்கொள்ளும். அந்தக் கதை கொஞ்சம் இரக்கமில்லாதது: ரெக்ஸ் இறந்துவிட்டார், ராக்னி என்ற பூச்சி இனத்தின் ராணி கொல்லப்பட்டாள், விண்மீன் மண்டலத்தை ஆளும் சிட்டடல் கவுன்சில் காப்பாற்றப்படவில்லை, கவுன்சிலில் மனிதர்களின் பிரதிநிதியாக உடினா என்ற அரசியல்வாதி உட்கார்ந்திருக்கிறார்.

இடையில் ஜெனசிஸ் என்ற ஊடாடும் காமிக்ஸ் ஒன்று வரும். 2011-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு இரண்டாம் பாகம் வந்தபோது அந்தக் கருவியில் முதல் பாகமே கிடையாது; அந்தப் பள்ளத்தை நிரப்பச் செய்ததுதான் இந்தக் காமிக்ஸ். ரெக்ஸ், ராக்னி ராணி, விர்மையரில் யாரை விட்டுவருவது, காதல், கவுன்சில் என்று பெரிய முடிவுகளை மட்டும் கேட்கும். சின்னச் சின்ன உதவிகள் எதுவும் அதில் வராது. முழு ஸேவ் கையில் இருப்பவருக்கு அது தேவையில்லை. அதைத் தவிர்த்துவிட்டுப் புதிய ஆளாகத் தொடங்கினால்தான் உங்களுக்கு நடந்தது நடக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: தொடங்கிய ஆட்டத்தை விட்டுவிட்டு, இம்போர்ட் வழியாக மறுபடி தொடங்குங்கள். நடுவழியில் முடிவுகளைச் சேர்க்க முடியாது. முதல் பாகத்தின் இறுதிப் பணியை முடித்த ஷெப்பர்டாக இருக்க வேண்டும். ஆயுதங்களும் கவசமும் வராது. உயர்ந்த லெவலுக்கு ஈடாகக் கொஞ்சம் பணமும் தொடக்க லெவலும் கிடைக்கும். கிளாஸை அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு நல்ல சலுகை.

இன்னொன்று. முதல் பாகத்தில் இறுதிக் கட்டம் தொடங்கும் ஐலாஸ் கிரகத்துக்குக் கிளம்பிவிட்டால் திரும்பி வந்து மிச்ச வேலைகளைச் செய்ய வழியில்லை. இரண்டாம் பாகத்தில் தலைகாட்டும் பலரும் அந்தச் சில்லறை வேலைகளிலிருந்து வருபவர்கள். நொவேரியா கிரகத்தில் ஜியானா பரசினிக்கு ஒத்துழைத்திருந்தால் இல்லியம் கிரகத்தில் அவரைச் சந்திக்கலாம். ஃபெரோஸ் கிரகத்தில் ஷியாலாவை உயிரோடு விட்டிருந்தால் அவரும் அங்கேதான் இருப்பார். ஐலாஸுக்கு முன் பணிப் பட்டியலைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மாஸ் எஃபெக்ட் மூன்றாம் பாகத்தில், கெத் என்ற எந்திர இனத்துக்கும் அதை உருவாக்கிய குவாரியன் இனத்துக்கும் சமாதானம் செய்துவைக்கவே முடியவில்லை. உரையாடலில் அந்த வரி மங்கலாகவே இருக்கிறது. என்ன விட்டுவிட்டேன்?

பெரும்பாலும் இரண்டாம் பாகத்தில்தான் கோட்டை விட்டிருப்பீர்கள். இந்தத் தொடரிலேயே முந்தைய பாகத்தின் முடிவுகளை மிகக் கறாராகக் கணக்கெடுக்கும் இடம் இதுதான். எங்கள் பார்வையில் மிகச் சிறப்பாகச் செய்யப்பட்ட இடமும் இதுவே.

அடிப்படை நிபந்தனை: உங்கள் அணியின் குவாரியனான டாலியும் கெத்தான லீஜியனும் இரண்டாம் பாகத்தின் இறுதிப் பணியில் பிழைத்திருக்க வேண்டும். ஸேவ் இல்லாமல் தொடங்கினால் லீஜியனுக்குப் பதில் ஒரு கெத் செயலிதான் வரும். சமாதானத்துக்கு வழியே இல்லை. இருவரும் இருந்தாலும் உள்ளே ஒரு மதிப்பெண் கணக்கு ஓடுகிறது. மொத்தம் 7-இல் 5 வேண்டும். இரண்டாம் பாகத்தில் லீஜியனின் பணியில், ரீப்பர்கள் என்ற எதிரி எந்திரங்களின் பக்கம் போன பிரிவினைக் கெத்துகளை அழித்திருந்தால் 2. அழிக்காமல் அவற்றின் நிரலை மாற்றி எழுதியிருந்தால் ஒன்றுமில்லை. டாலியின் விசாரணையில் அவர் நாடுகடத்தப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தால் 2. கப்பலில் டாலிக்கும் லீஜியனுக்கும் மூண்ட சண்டையை இருவர் மனமும் நோகாமல் தீர்த்திருந்தால் 1. மூன்றாம் பாகத்தில் அட்மிரல் கோரிஸைக் காப்பாற்றினால் 1, கெத் போர்விமானப் பணியை முடித்தால் 1.

கூட்டிப் பாருங்கள். மூன்றாம் பாகத்தில் மட்டும் கிடைப்பது 2. பாக்கி 3-ஐ இரண்டாம் பாகத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். பிரிவினைக் கெத்துகளை மாற்றி எழுதியவர் மற்ற நான்கில் ஒன்றைக்கூட விட முடியாது. இதற்கு மேல் உங்கள் நற்பெயர்ப் பட்டையும் போதிய அளவு நிரம்பியிருக்க வேண்டும். வரி கண்ணில் பட்டு, ஆனால் மங்கலாக இருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள்.

லீஜியன் விஷயத்தில் பலரும் சறுக்கும் இடம் வேறு. அவர் கிடைப்பது, ரீப்பர் கப்பலிலிருந்து அடையாளக் கருவியை எடுக்கும் ரீப்பர் ஐஎஃப்எஃப் பணியில், கதை ஏறக்குறைய முடியும் நேரத்தில். அந்தப் பணிக்குப் பிறகு சில பயணங்களிலேயே கப்பல் ஊழியர்கள் கடத்தப்படுவார்கள். உடனே அவர்களைத் தேடிப் போனால் எல்லோரும் பிழைப்பார்கள். இடையில் ஒன்று முதல் மூன்று பணிகள் செய்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். அதற்கும் மேல் தாமதித்தால் டாக்டர் சாக்வாஸைத் தவிர யாரும் மிஞ்சமாட்டார்கள். ஆகவே மற்ற துணைவர்கள் எல்லோருடைய விசுவாசப் பணிகளையும் (அவர்களின் நம்பிக்கையைப் பெறும் தனிப் பணிகள்) முதலில் முடியுங்கள். கப்பலுக்கான கவசம், தடுப்பு, பீரங்கி மூன்றையும் வாங்கிவிடுங்கள். அதன் பிறகே ஐஎஃப்எஃப். லீஜியனை உடனே எழுப்பி, அவருடைய பணியை அடுத்ததாகச் செய்துவிடுங்கள்.

இறுதிப் பணியில் துணைவர்கள் இரண்டு பேராவது பிழைக்காவிட்டால் ஷெப்பர்டும் இறந்துவிடுவார். அந்த ஸேவை மூன்றாம் பாகம் ஏற்காது.

கேள்வி: விட்சர் 2 விளையாடவில்லை. பிளேஸ்டேஷனில் அது வரவும் இல்லை. நேராக விட்சர் 3-ஐத் தொடங்கினால் எவ்வளவு இழப்பு?

ரொம்பக் குறைவு. புதிய ஆட்டம் தொடங்கும்போது விட்சர் 2 ஸேவை உருவகப்படுத்தவா என்று கேட்கும். ஆம் என்று வையுங்கள். முதல் பகுதி முடிந்து விசிமா அரண்மனைக்குப் போனதும், நாயகன் கெரால்ட்டுக்கு முகச்சவரம் நடக்கும்போது மோர்வ்ரன் வோர்ஹிஸ் என்ற தளபதி வந்து கேள்வி கேட்பார். ஆர்யன் லா வாலெட் பிழைத்தாரா, படைத்தலைவர் ரோஷுடன் சேர்ந்தீர்களா கிளர்ச்சித் தலைவர் இயோர்வெத்துடன் சேர்ந்தீர்களா, அரசர்களைக் கொன்ற லெத்தோவைக் கொன்றீர்களா என்று விட்சர் 2-இன் முடிவுகளைப் பற்றிப் போகும் அந்த விசாரணைதான் உங்கள் ஸேவ் ஃபைல். இறக்குமதிக் கேள்வித்தாளைக் கதைக்குள்ளேயே ஒளித்துவைத்த சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ்.

பதில்களில் உண்மையாகவே எடை உள்ளது லெத்தோ பற்றியது. உயிரோடு விட்டதாகச் சொன்னால் வெலன் பகுதியில் அவருக்கென்று ஒரு தனிப் பணி கிடைக்கும். கேர் மோர்ஹன் கோட்டையில் நடக்கும் போருக்கும் அவரை அழைக்கலாம். மற்றபடி ரோஷ் எப்படியும் வருவார், இயோர்வெத் எப்படியும் வரமாட்டார். விட்சர் 2-இன் பாதிக் கதையையே மாற்றிய முடிவு அடுத்த பாகத்தில் ஓரிரு வசனத்தோடு போனது அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு இன்றும் மனக்குறைதான்.

கணினியில் விளையாடுபவர்கள் உண்மையான ஸேவையே கொடுக்கலாம். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் விட்சர் 2, அதற்குள் கேம்ஸேவ்ஸ் என்ற இடத்தில் அது இருக்க வேண்டும். பழைய கணினியிலிருந்து எடுத்துவருபவர்கள் அந்த ஃபோல்டர் பெயர்களை அப்படியே வைத்து ஒட்டுங்கள்.

கேள்வி: டிராகன் ஏஜ் கீப்பில் உட்கார்ந்து பழைய முடிவுகளை எல்லாம் நிரப்பினேன். வெயில்கார்டில் எதுவுமே தெரியவில்லையே?

டிராகன் ஏஜ் தொடரின் நான்காம் பாகமான வெயில்கார்ட் கீப்பைத் தொடுவதே இல்லை. கீப் 2014-இல் மூன்றாம் பாகமான இன்குவிசிஷனுக்காக வந்த இணைய வசதி. அந்தக் கேம் பழைய கன்சோல்கள், புதிய கன்சோல்கள், கணினி என்று ஒரே சமயத்தில் வெளியானது. ஒரு தலைமுறைக் கருவியின் ஸேவை அடுத்த தலைமுறை படிக்காது. ஆகவே ஸேவை விட்டுவிட்டு, 300-க்கும் மேற்பட்ட முடிவுகளை ஓடுகளாக விரித்து, நீங்களே சொடுக்கி நிரப்பும்படி செய்தார்கள். இன்குவிசிஷனில் புதிய ஆட்டம் தொடங்கும்போது இணையத்தில் இருந்தால் அந்த உலகநிலை உள்ளே வரும். தொடங்கிய பிறகு கீப்பில் எதை மாற்றினாலும் அந்த ஆட்டம் மாறாது.

2024-இல் வந்த வெயில்கார்ட் கேட்பது மூன்றே கேள்விகள். மூன்றாம் பாகத்தின் நாயகரான இன்குவிசிட்டர் யாரைக் காதலித்தார், இன்குவிசிஷன் என்ற தன் அமைப்பைக் கலைத்தாரா, எதிரியாக மாறிய பழைய துணைவர் சோலஸை எப்படித் தடுப்பதாகச் சபதம் செய்தார். கதாபாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே இவை வந்துவிடும். கதை தெடாஸ் என்ற கற்பனைக் கண்டத்தின் வடபகுதியில் நடப்பதால் தெற்கில் நீங்கள் முடிசூட்டிய ராஜாக்களைப் பற்றி யாரும் பேசவேண்டியதில்லை என்பது அவர்கள் கண்ட வழி. மூன்று போதுமா? மூன்றையாவது ஒழுங்காகக் கொண்டுபோனால் போதும். 300 ஓடுகளில் பெரும்பாலானவை இன்குவிசிஷனிலும் ஒரு கடிதமாகவோ ஒரு வரி வசனமாகவோதான் எட்டிப்பார்த்தன.

கேள்வி: முடிவு என் கையில் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் எல்லோரையும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுவருகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்று என்று சொல்லமாட்டோம், கணக்கு அப்படி. ஆம், இல்லை என்ற பத்து முடிவுகள் இருந்தாலே 1,024 விதமான உலகங்கள் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை எழுதி, குரல் பதிந்து, சோதித்துப் பார்க்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது. அதனால் ஆளை மாற்றி வேடத்தை வைத்துக்கொள்வார்கள். மாஸ் எஃபெக்டில் ரெக்ஸ் இல்லையென்றால் க்ரோகன்களின் தலைவராக ரீவ். விஞ்ஞானி மோர்டின் இல்லையென்றால் அதே ஆய்வைப் படோக் விக்ஸ் செய்வார். பணி ஒன்றுதான், ஆனால் ரெக்ஸ் தலைவராக இருக்கும் உலகில் க்ரோகன்களின் பிறப்பைக் குறைக்கும் ஜெனோஃபேஜ் நோயைக் குணப்படுத்துவதும், ரீவ் தலைவராக இருக்கும் உலகில் அதையே செய்வதும் ஒரே முடிவா? அந்த வித்தியாசம் நிற்கும்போது இந்த உத்தி வெற்றி.

நிற்காத இடங்களும் உண்டு. ராக்னி ராணியைக் கொன்றிருந்தாலும் மூன்றாம் பாகத்தில் ரீப்பர்கள் செய்த போலி ராணி ஒன்று அதே குகையில் காத்திருக்கும். அதைக் காப்பாற்றினால் பின்னால் துரோகம் செய்யும் என்பது மட்டும் கொஞ்சம் ஆறுதல். உடினாவுக்குப் பதில் ஆண்டர்சனைக் கவுன்சிலில் உட்கார வைத்தவர்களுக்கும் மூன்றாம் பாகத்தில் உடினாதான். டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸில் புனிதச் சாம்பலைக் கெடுத்து, எதிர்த்து நின்ற அணித் தோழி லெலியானாவைக் கொன்றவர்கள் அடுத்த பாகங்களில் அவர் நடந்து வருவதைப் பார்த்துத் திகைத்தார்கள். கதைக்கு வேண்டிய ஆளை முன்பு கொல்லவிட்டதால் வந்த வினை.

துணிச்சலான தீர்வு எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடருடையது. 1996-இல் வந்த டாகர்ஃபாலுக்குப் பல முடிவுகள். அடுத்த கேமில் எதை உண்மை என்று வைப்பது? காலமே உடைந்து எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடந்தன என்று புராணமாக்கிவிட்டார்கள். யாருடைய ஸேவையும் கேட்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது.

கேள்வி: நானும் நண்பர்களும் சின்ன ரோல்பிளேயிங் கேம் ஒன்றைச் செய்கிறோம். இரண்டாம் பாகமும் திட்டத்தில் இருக்கிறது. முடிவுகளை எப்படிச் சேமித்தால் பின்னால் தலைவலி வராது?

முழு ஸேவையும் இரண்டாம் பாகத்தைப் படிக்கவிடாதீர்கள். முதல் பாகத்தின் ஸேவ் அமைப்பு ஒவ்வொரு பேட்சிலும் (திருத்த வெளியீட்டிலும்) மாறும். இரண்டாம் பாகம் அத்தனை வடிவங்களையும் புரிந்துகொள்ள வேண்டிவரும். அதற்குப் பதில் இறுதிக் காட்சி முடிந்ததும் தனியாக ஒரு மரபு ஃபைல் எழுதுங்கள். ஜேசான் (JSON) என்ற எளிய உரை வடிவம் போதும், ஒன்றிரண்டு கிலோபைட்டுக்கு மேல் போகாது. முதல் வரியில் வடிவ எண். அதன் கீழே முடிவின் பெயரும் மதிப்பும். பெயர்கள் நிலையான சொற்களாக இருக்கட்டும். வரிசை எண்ணால் குறித்தீர்களானால், நடுவில் ஒரு முடிவை நீக்கியதும் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒரு படி நகர்ந்து, ஆட்டக்காரர் காப்பாற்றிய ஆள் செத்துப்போவார். ஒருமுறை வெளியான பெயரை வேறு அர்த்தத்துக்குத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது.

மதிப்பை ஆம், இல்லை என்று இரண்டோடு நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஊர்த்தலைவர் உதவி கேட்டார், நான் மறுத்தேன் என்பது ஒன்று. அந்த ஊருக்கே போகவில்லை என்பது வேறு. இரண்டும் பொய் என்ற ஒரே மதிப்பாகச் சேமிக்கப்பட்டால் இரண்டாம் பாகத்தில் தலைவரின் மகன், முகமே பார்க்காத ஒருவரிடம் வந்து கைவிட்டுவிட்டாயே என்று சண்டை பிடிப்பான். தெரியாது என்ற மூன்றாவது மதிப்பு கட்டாயம் வேண்டும். இந்த வகைப் பிழை பெரிய கேம்களுக்கும் வந்திருக்கிறது. மாஸ் எஃபெக்ட் 2-இல் கான்ராட் வெர்னர், முதல் பாகத்தில் நீங்கள் அன்பாகப் பேசியிருந்தாலும் முகத்தில் துப்பாக்கி நீட்டினீர்களே என்பார். மூன்றாம் பாகத்தில் அதையே நகைச்சுவையாக்கிச் சமாளித்தார்கள்.

ஃபைலை நேராக எழுதாமல், தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துப் பெயர் மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பாதி ஃபைல் மிஞ்சாது. கேம் நிறுவிய ஃபோல்டரில் வைக்காதீர்கள், அன்இன்ஸ்டால் செய்தால் போய்விடும். செக்சம் (ஃபைல் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) ஒன்று சேருங்கள், கெட்ட ஃபைலைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும். ஏமாற்றுபவர்களைப் பிடிக்க மெனக்கெட வேண்டாம். தன் கதையைத் தானே திருத்துபவரால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஃபைல் இல்லாதவர்களுக்குக் குறியீடு ஒன்றும் கொடுக்கலாம். 26 எழுத்துகளும் 10 இலக்கங்களும் சேர்ந்து 36. அதில் குழப்பம் தரும் சுழியம், ஓ, ஒன்று, ஐ நான்கையும் நீக்கினால் சரியாக 32. ஒரு எழுத்து 5 பிட் தாங்கும். மூன்று மதிப்புள்ள 20 முடிவுகளுக்கு, ஒன்றுக்கு 2 பிட் வீதம் 40 பிட், அதாவது 8 எழுத்துகள். வடிவ எண்ணுக்கு 1, செக்சத்துக்கு 2. மொத்தம் 11 எழுத்துகளில் ஒரு கதையே அடங்கிவிடும்.

குறியீடும் இல்லாதவருக்குக் கேள்வித்தாள். அதில் முரண்பாடுகளைத் தடுக்க மறக்காதீர்கள். இறந்தவரை ராணியாக்கும் பதிலைத் திரையே ஏற்கக்கூடாது. சோதனைக்கு 1,024 உலகங்களையும் ஓட்டவேண்டாம். எல்லாம் ஆம், எல்லாம் இல்லை, எல்லாம் தெரியாது, இயல்புநிலை என்ற நான்கையும், ஒன்றையொன்று பாதிக்கும் ஜோடிகளையும் ஓட்டினால் பெரும்பாலான பிழைகள் அகப்படும். முதல் பாகத்தின் ஒவ்வொரு வெளியீட்டிலும் உண்மையாக விளையாடி முடித்த மரபு ஃபைல் ஒன்றைப் பத்திரப்படுத்திவையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதைப் புதிதாக உருவாக்குவது பெரும்பாடு.

கேள்வி: கோல்டன் சன் முதல் பாகத்தின் முன்னேற்றத்தை இரண்டாம் பாகமான லாஸ்ட் ஏஜுக்குக் கொண்டுபோகும் கடவுச்சொல் 260 எழுத்துகளாமே! வேறு வழி?

உண்டு. இரண்டு கருவிகளை இணைக்கும் லிங்க் கேபிள் இருந்தால் ஒரு எழுத்துகூட அடிக்கவேண்டாம். கேபிள் இல்லையென்றாலும் தங்கம் என்ற பெரிய கடவுச்சொல்தான் 260; வெள்ளி 61, வெண்கலம் 16. லெவல்கள், ஜின்கள் (துணைக்கு வரும் மாய உயிர்கள்), முக்கிய நிகழ்ச்சிகள் வெண்கலத்திலேயே வந்துவிடும். தங்கத்தில் கூடுதலாகக் கிடைப்பது பொருள்களும் பணமும். நல்ல ஆயுதங்கள் சேர்த்திருந்தால் மட்டும் மெனக்கெடுங்கள். திரையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசத்தைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அடியுங்கள். பாறைக்கு அடியில் சிக்கிய ஹ்சுவையும் சிறைப்பட்ட ஹாமெட்டையும் முதல் பாகத்தில் மீட்டுவிட்டுக் கடவுச்சொல் எடுங்கள். லாஸ்ட் ஏஜில் அதற்குப் பரிசு இருக்கிறது.

கேள்வி: ஸேவ் எடிட்டர் (ஸேவைத் திருத்தும் மென்பொருள்) வைத்துப் பழைய முடிவை மாற்றினால் ஏதாவது கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகலாம். ஒரு முடிவு பல கொடிகளில் (ஆம், இல்லை என்று குறிக்கும் ஃப்ளாக்குகளில்) பதிவாகியிருக்கும்: ஆள் உயிரோடு இருக்கிறார், அணியில் இருக்கிறார், விசுவாசமாக இருக்கிறார் என்று. ஒன்றை மட்டும் மாற்றினால் இறந்தவர் அணிப் பட்டியலில் நிற்பார். நகல் எடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி இம்போர்ட் செய்து பாருங்கள். கிளவுட் ஒத்திசைவை முதலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் திருத்திய ஃபைலின் மேல் பழையது வந்து உட்கார்ந்துவிடும்.

கேள்வி: முதல் பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகும் இந்த வழக்கத்தை மாஸ் எஃபெக்ட்தான் தொடங்கியதா?

இல்லவே இல்லை. 1982-இல் வந்த விசார்ட்ரி இரண்டாம் பாகத்தை விளையாடவே முதல் பாகத்தில் வளர்த்த ஆட்கள் வேண்டும். விசார்ட்ரி ஆறாம் பாகத்தை எப்படி முடித்தீர்கள் என்பதை வைத்து ஏழாம் பாகம் உங்களை வேறு வேறு இடத்தில் தொடங்கவைத்தது. சுய்கோடென் இரண்டில் முதல் பாகத்தின் ஸேவ் இருந்தால் பழைய நாயகனையே அணியில் சேர்க்கலாம். பால்டர்ஸ் கேட் இரண்டுக்கு ஆளையும் அவர் அனுபவப் புள்ளிகளையும் கொண்டுபோகலாம், கதை முடிவுகள் ஏறக்குறைய எதுவும் போகாது. ஆனால் முதல் பாகத்தில் வேடிக்கையாகக் கிடைக்கும் தங்கக் கால்சட்டையைத் தூக்கி எறியாமல் இறுதி ஸேவ் வரை வைத்திருந்தவருக்கு அது கூடவே வரும். இரண்டாம் பாகத்தில் வெள்ளிக் கால்சட்டை, அதன் விரிவாக்கத்தில் வெண்கலம் என்று மூன்றும் சேர்ந்தால் ஒரு முழுக் கவசம் செய்துகொள்ளலாம். தங்கத்தை விற்றுவிட்டவர்கள் முதல் பாகத்துக்கே திரும்பிப் போகவேண்டியதுதான்.